மண்டையோட்டு ஆபரேஷன்: எந்த மாதத்தில், ஏன் அந்த மாதத்தில்

"இப்ப என்னங்க அவசரம், ஒரு வயசு ஆகட்டும், பாக்கலாம்." நெற்றி முக்கோணமாக இருக்கும் குழந்தைக்கு, ஆபரேஷன் தேதியைப் பொறுத்தவரை, இது ஏறக்குறைய சரியான ஆலோசனை. தலை படகு மாதிரி நீண்டிருக்கும் குழந்தைக்கு இதையே சொன்னால், ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய ஆபரேஷன் ஐந்து மணி நேர ஆபரேஷனாகிவிடும். கிரேனியோசினோஸ்டோசிஸ் (மண்டை ஓட்டு எலும்புகளின் இணைப்பு நேரத்துக்கு முன்பே மூடிக்கொள்வது) என்று பெயர் வைத்த பிறகு பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "எப்போ பண்ணணும்?" என்பது. எந்த இணைப்பு மூடியிருக்கிறது, குழந்தைக்கு இன்று எத்தனை வாரம், எத்தனை கிலோ என்பதைக் கேட்காமல் யாராவது இதற்குப் பதில் சொன்னால் அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் மண்டை ஓடு தனித்தனித் தகடுகள். அவற்றுக்கு இடையில் இருக்கும் இணைப்புகள்தான் சூச்சர்கள். உச்சி நடுவில் முன்பின்னாக ஓடுவது சஜிட்டல், காதுக்குக் காது குறுக்கே ஓடுவது கொரோனல், நெற்றி நடுவில் மெட்டோபிக், பின்தலையில் லாம்டாய்டு. இவற்றில் ஒன்றோ பலவோ நேரத்துக்கு முன்பே எலும்பாகிவிடுவதுதான் இந்த நோய். சுமார் 2,000 முதல் 2,500 பிறப்புகளுக்கு ஒன்று. பாதிக்குக் கிட்டத்தட்ட சஜிட்டல்தான். மூடிய இணைப்புக்குக் குறுக்குவாட்டில் வளர்ச்சி நின்றுபோகும், அதன் போக்கிலேயே வளர்ச்சி கூடும் என்று ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ 1851-லேயே எழுதிவிட்டார். அதனால்தான் உச்சிக்கோடு மூடினால் தலை அகலம் குறைந்து நீளம் கூடுகிறது.

இனி காலக்கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையை எடுங்கள். ஆண் குழந்தையின் சராசரித் தலைச்சுற்றளவு பிறக்கும்போது 34.5 செ.மீ., 3 மாதத்தில் 40.5, 6 மாதத்தில் 43.3, ஒரு வயதில் 46. முதல் மூன்று மாதத்தில் 6 செ.மீ., அடுத்த ஒன்பது மாதம் முழுவதும் சேர்த்து 5.5 செ.மீ. தலையைத் தள்ளி வளர்ப்பது மூளை. அந்தத் தள்ளுவிசை உச்சத்தில் இருப்பது ஆரம்ப மாதங்களில். கீழே சொல்லும் முடிவுகள் பெரும்பாலும் இந்த எண்களிலிருந்துதான் வருகின்றன.

எண்டோஸ்கோபிக் முறை அந்த விசையை நம்பிச் செய்யப்படுவது. ஹிமெனெஸ், பரோனே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1990-களில் இதைக் கொண்டுவந்தார்கள். சஜிட்டல் என்றால் உச்சியில் இரண்டு இடங்களில் 2–3 செ.மீ. கீறல். குழாய் கேமரா வழியாகப் பார்த்து, எலும்பை மூளையுறையிலிருந்து பிரித்து, மூடிய இணைப்பு இருக்கும் பட்டையை வெட்டி எடுப்பார்கள். இரு பக்க எலும்பிலும் சில வெட்டுகள். ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்காது. ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் மேசையில் தலை வடிவம் மாறிவிடாது. பூட்டு திறக்கிறது, அவ்வளவுதான். வடிவத்தை மாற்றுவது அடுத்த பல மாதத்து மூளை வளர்ச்சியும், அதைத் திசைதிருப்பும் ஹெல்மெட்டும். அதனால் இதற்கு நல்ல வயது 3 மாதத்தை ஒட்டி. 4 மாதம் வரை பரவாயில்லை. சில இடங்களில் 6 மாதம் வரை எடுப்பார்கள், ஆனால் வயது ஏற ஏறப் பலன் குறையும். எலும்பும் தடித்துவிடும், தள்ளுவிசையும் இறங்கிவிடும்.

3 மாதத்தை ஒட்டி என்றால் சென்னையில் நடைமுறையில் என்ன அர்த்தம்? குழந்தை 6, 10, 14 வாரத்தில் தடுப்பூசிக்கு எப்படியும் சுகாதார நிலையத்துக்கோ குழந்தை மருத்துவரிடமோ வரும். 6 வார ஊசி நாளில் சந்தேகம் வந்தால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. 10 வாரத்தில் வந்தால் ஓட வேண்டும். 14 வாரத்தில் "அடுத்த ஊசிக்கு வரும்போது பார்ப்போம்" என்றால், அரசு அட்டவணைப்படி அடுத்த ஊசி 9 மாதத்தில். அந்த இடைவெளியில்தான் வாய்ப்பு நழுவுகிறது.

முதல் தேதியைக் கடைசி வாரத்தில் வைக்காதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் மயக்க மருத்துவர் 2 முதல் 4 வாரம் தள்ளிப்போடுவார். தள்ளத்தான் வேண்டும், சளியோடு இருக்கும் குழந்தையின் மூச்சுக்குழல் மயக்கத்தில் இறுகிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டில் ஒருவருக்காவது மூக்கு ஒழுகும். 12 வாரத்துக்குத் தேதி வாங்கினால் ஒருமுறை தள்ளிப்போனாலும் 15–16 வாரத்தில் முடித்துவிடலாம். 16 வாரத்துக்கே முதல் தேதி வாங்கினால் ஒரு சளி போதும், முறையே மாறிவிடும். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் குழந்தை பார்க்க வரும் உறவினர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். தடுப்பூசி தேதியையும் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசிக் காய்ச்சலும் கிருமிக் காய்ச்சலும் குழம்பாமலிருக்க சிலர் 2 நாள், சிலர் ஒரு வாரம் இடைவெளி கேட்பார்கள்.

இன்னொரு சிக்கல் ஹீமோகுளோபின். பிறக்கும்போது 16–18 இருப்பது 8 முதல் 12 வாரத்தில் இயல்பாகவே 10-ஐ ஒட்டி இறங்கும். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் கீழே போகும். அதாவது எண்டோஸ்கோபிக் ஆபரேஷனுக்கு உகந்த வாரமும் ரத்தம் மிகக் குறைவாக இருக்கும் வாரமும் ஒன்றுதான். ஆகவே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்காது என்று சொன்னாலும் ரத்தம் பொருத்திப் பார்த்துத் தயாராக வைத்திருக்க வேண்டும். இரும்புச் சத்துச் சொட்டு மருந்து தேவையா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு ஆரம்பித்துப் பயனில்லை.

ஹெல்மெட் பற்றிப் பெற்றோருக்குப் போதுமான அளவு சொல்லப்படுவதில்லை. ஆபரேஷன் முடிந்த ஒரு வாரத்துக்குள் அளவெடுத்து, நாளுக்கு 23 மணி நேரம் என்று 10–12 மாத வயது வரை போட வேண்டும். தலை வளர வளர 2 அல்லது 3 ஹெல்மெட் மாறும். சஜிட்டலுக்கு முன்னும் பின்னும் தலையைத் தொட்டுக்கொண்டிருக்கும், பக்கவாட்டில் இடம் விட்டிருக்கும். அந்தக் காலி இடத்தை நோக்கித்தான் தலை வளர வேண்டும். கழற்றி வைத்தால் தலை பழைய வழியிலேயே நீளும். மாசியில் ஆபரேஷன் என்றால் கத்திரி வெயில் முழுக்க ஹெல்மெட்டோடுதான். முதல் இரண்டு வாரம் வியர்வை ஊற்றும், பிறகு குழந்தை பழகிக்கொள்ளும். கழற்றும் அந்த ஒரு மணி நேரத்தில் தலைக்கு ஊற்றி, நன்றாக ஈரம் போகத் துடைத்து, ஹெல்மெட்டின் உள் ஃபோமை ஸ்பிரிட்டால் துடைத்து மின்விசிறியில் காயவிட்டுத் திரும்பப் போடுங்கள். தேங்காய் எண்ணெய், பவுடர் இரண்டும் தலைக்குக் கூடாது. வியர்வையோடு சேர்ந்து வேர்க்குருவும் புண்ணும் வரும். கழற்றிய ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் மறையாத சிவப்புத் தடம் இருந்தால் ஹெல்மெட் அழுத்துகிறது என்று பொருள். செய்தவரிடம் கொண்டுபோய்த் தேய்த்து இடம்விடச் சொல்ல வேண்டும். காய்ச்சல் அடித்தால் கழற்றிவிடலாம். செய்யாறிலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ வரும் குடும்பம் 2–3 வாரத்துக்கு ஒருமுறை அளவு பார்க்கச் சென்னைக்கு வந்துபோக முடியுமா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். முடியாது என்றால் வேறு முறையைத் தேர்ந்தெடுப்பதே நேர்மை. ஹெல்மெட் போடாத எண்டோஸ்கோபிக் அரை வைத்தியம்.

அந்த வேறு முறைகளில் ஒன்று ஸ்பிரிங். ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 1990-களின் பிற்பகுதியில் லாரிட்ஸன் தொடங்கியது. மூடிய இணைப்பைப் பிளந்து, இடையில் எஃகுக் கம்பி ஸ்பிரிங்குகளைப் பொருத்துவார்கள். அவை மெல்ல விரியும். 3 முதல் 6 மாத வயதில் நன்றாக வேலை செய்யும். ஹெல்மெட் வேண்டாம், ஆனால் சில மாதம் கழித்து ஸ்பிரிங்கை எடுக்க இரண்டாவது மயக்கம் வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது.

மூன்றாவது, மண்டை ஓட்டையே கழற்றி மாற்றி அமைக்கும் திறந்த ஆபரேஷன். இதற்குத்தான் காத்திருப்பது சிகிச்சையின் பகுதி. மெட்டோபிக், கொரோனல் மூடிய குழந்தைகளுக்கு நெற்றி எலும்பையும் கண்குழியின் மேல் விளிம்பையும் ஒரு பட்டையாக வெட்டி எடுத்து, வடிவம் மாற்றி, 1 செ.மீ.க்கு மேல் முன்தள்ளிப் பொருத்துவார்கள். பெரும்பாலான மையங்கள் இதை 6 முதல் 12 மாதத்துக்குள், பலர் 9 மாதத்தை ஒட்டி வைக்கிறார்கள். சீக்கிரம் செய்தால் என்ன கெட்டுவிடும்?

முதலில் ரத்தம். குழந்தையின் உடலில் ரத்தம் கிலோவுக்குச் சுமார் 80 மி.லி. 5 கிலோக் குழந்தைக்கு 400 மி.லி. 8.5 கிலோக் குழந்தைக்கு 680. இந்த ஆபரேஷனில் 100 மி.லி. போவது சாதாரணம். சின்னக் குழந்தைக்கு அது கால்வாசி, பெரிய குழந்தைக்கு ஏழில் ஒரு பங்கு. இரண்டாவது, எலும்பு. 3 மாதத்து நெற்றி எலும்பு காகிதக் கனம், வளைத்தால் உடையும், திருகு பிடிக்காது. மூன்றாவது, நிலைப்பு. 6 மாதத்துக்கு முன் முன்தள்ளிய நெற்றி வளர வளரப் பின்வாங்கும், மறு ஆபரேஷன் வரை போகும் வாய்ப்பு கூடுதல். அதனால்தான் அறுவை மருத்துவர்கள் வேண்டுமென்றே சற்று மிகையாகத் திருத்தி வைப்பார்கள். முதல் மாதங்களில் நெற்றி கொஞ்சம் அகலமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அதே சமயம், மெட்டோபிக், கொரோனலையும் 3–4 மாதத்துக்குள் எண்டோஸ்கோப்பில் செய்து ஹெல்மெட் போடும் மையங்கள் உண்டு. ஆகவே இவற்றிலும் 9 மாதம் வரை காத்திருப்பது என்பது சீக்கிரமாகவே நிபுணரைப் பார்த்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், யாரையும் பார்க்காமல் ஓடிப்போன 9 மாதமாக இருக்கக்கூடாது.

ரொம்பவும் தள்ளினால்? ஒரு வயதுக்குள் மூளையுறைக்குப் புது எலும்பை உண்டாக்கும் திறன் அபாரமாக இருக்கும். எலும்புத் துண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளி தானே மூடிக்கொள்ளும். ஒரு வயதைத் தாண்டத் தாண்ட அந்தத் திறன் இறங்குகிறது. 18 மாதம், 2 வயதில் விட்ட இடைவெளி ஓட்டையாகவே நின்றுவிடலாம், ஒட்டுவதற்கு எலும்பு தேட வேண்டியிருக்கும். மண்டை ஓட்டையே இரண்டு அடுக்காகப் பிளந்து ஒட்டு எடுக்கலாம், ஆனால் அதற்கு எலும்பு போதிய கனம் ஆகியிருக்க வேண்டும். ஆக, ஒன்றரை வயதுக் குழந்தை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது.

திறந்த ஆபரேஷன் நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது. தாய்ப்பால் 4 மணி நேரம் முன், புட்டிப்பால் 6 மணி நேரம் முன் நிறுத்தம். காதுக்குக் காது கீறல், நேர்கோடாக இல்லாமல் வளைந்து வளைந்து போகும். பிறகு முடி வளரும்போது தழும்பு முடிக்கு நடுவே மறைந்துவிடும். ரத்தப்போக்கைக் குறைக்க டிரனெக்ஸாமிக் ஆசிட். ரத்த வங்கியில் புதிய ரத்தம் கேட்பார்கள், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் எடுத்தது. பழைய பையில் பொட்டாசியம் கசிந்து ஏறியிருக்கும், வேகமாக ஏற்றினால் குழந்தையின் இதயத்துக்கு ஆபத்து. ஆகவே ரத்ததானம் செய்ய ஆள் கூட்டி வருவதாக இருந்தால் முந்தைய நாள் வரை காத்திருக்காமல் எப்போது வேண்டும் என்று வங்கியிலேயே கேளுங்கள். பொருத்துவதற்கு, கரையும் பிளேட்டும் திருகும் பெரும்பாலும் பயன்படும். உலோகத் தகடு வளரும் ஓட்டில் காலப்போக்கில் உள்பக்கம் நகர்ந்துவிடும். விலை வித்தியாசம் அதிகம், எது போடுவார்கள் என்று முன்பே கேளுங்கள். 4 முதல் 6 மணி நேரம், பிறகு ஒன்றிரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. இரண்டாம் நாள் முகம் வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொள்ளும். யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பெற்ற தாய் அதிர்ந்துபோவார். நான்காம், ஐந்தாம் நாள் தானாகத் திறக்கும். அதுவரை குரல் கொடுத்துக்கொண்டே தூக்குங்கள், குழந்தைக்கு யாரென்று தெரியாது. முதல் நாட்களில் காய்ச்சல் வருவது வழக்கம்தான். ஆனால் காயத்திலிருந்து தண்ணீர் போலத் தெளிவாகக் கசிந்தால் உடனே சொல்ல வேண்டும்.

மொட்டை விவகாரம் தனி. 9 அல்லது 11 மாதத்தில் குலதெய்வத்துக்கு முடி இறக்கும்போதுதான் பல வீடுகளில் தலை வடிவமே முதல்முறை கண்ணில் படுகிறது. அப்போது எண்டோஸ்கோபிக், ஸ்பிரிங் இரண்டுக்கும் காலம் போயிருக்கும். ஏற்கெனவே ஆபரேஷன் தேதி வாங்கியவர்கள் "எப்படியும் மழிக்கப் போறாங்க, வேண்டுதலை முடிச்சுட்டுப் போவோம்" என்று முந்தைய வாரம் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். சவரக்கத்தி விடும் சின்னச் சின்ன வெட்டுகளில் கிருமி குடியேறும். மருத்துவமனையில் கத்தி வைக்காமல் மெஷினால் வெட்டுவதே அதற்காகத்தான். வேண்டுதல் காயம் முழுக்க ஆறிய பிறகு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு.

கண்டுபிடிப்பு ஏன் தாமதமாகிறது? "உச்சிக்குழி திறந்துதானே இருக்கு" என்ற சமாதானம் முதல் காரணம். சஜிட்டல் முழுக்க மூடியிருந்தாலும் முன் உச்சிக்குழி திறந்தே இருக்கலாம். இரண்டாவது, நாடா. சஜிட்டலில் தலைச்சுற்றளவு இயல்பாகவோ கொஞ்சம் கூடுதலாகவோதான் வரும், அட்டையில் புள்ளி சரியான கோட்டில் விழும். சுற்றளவை விட்டுவிட்டு அகலத்தையும் நீளத்தையும் அளக்க வேண்டும். அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 13 செ.மீ. நீளம், 9.1 அகலம் என்றால் 70. இது 75-க்குக் கீழே இருந்து, உச்சி நடுவில் விரலுக்கு ஒரு வரப்பு தட்டுப்பட்டால் காத்திருக்காதீர்கள். மூன்றாவது, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சரியாகும் என்ற நம்பிக்கை. எலும்பாகிப்போன இணைப்பு எந்தப் பாட்டியின் கைக்கும் அசையாது.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. ஒரே பக்கம் தலை சாய்த்துத் தூங்கிப் பின்தலை தட்டையான குழந்தைக்கு ஆபரேஷன் தேவையே இல்லை. மேலிருந்து பாருங்கள். தட்டையான பக்கத்துக் காது முன்னே நகர்ந்திருந்தால் அது படுக்கைத் தட்டை. காது பின்னும் கீழும் இழுபட்டு, காதுக்குப் பின் எலும்பு புடைத்திருந்தால் லாம்டாய்டு சந்தேகம், அது அபூர்வம். மெட்டோபிக் இயல்பாகவே 3 முதல் 9 மாதத்துக்குள் மூடக்கூடியது. 8 மாதக் குழந்தையின் சி.டி. அறிக்கையில் "மெட்டோபிக் மூடியுள்ளது" என்று வந்தால் அதுவே நோயாகிவிடாது. நெற்றிப்பொட்டு இரு பக்கமும் ஒடுங்கி, கண்கள் நெருங்கி, நெற்றி முக்கோணமாக இருந்தால்தான் ஆபரேஷன் பேச்சு. வெறும் வரப்பு மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். சி.டி.யையும் பார்க்கிற இடத்தில் எல்லாம் எடுக்க வேண்டாம். குறைந்த கதிர்வீச்சில் ஒரேயொரு முறை, ஆபரேஷன் செய்யப்போகிற குழு கேட்கும்போது எடுத்தால் போதும். அதற்குப் பதிலாகத் தலைமுடியை நனைத்து ஒட்டவைத்து, மேலிருந்து, முன்னிருந்து, இரு பக்கத்திலிருந்து என நான்கு படம் மாதாமாதம் எடுத்து வையுங்கள். நல்ல நிபுணருக்கு அதுவே பாதி விடை.

பல இணைப்புகள் மூடிய குழந்தைகளுக்கு, அதாவது ஏபர்ட், குரூசான், ஃபைஃபர் போன்ற மரபணுக் காரணம் உள்ளவர்களுக்கு, மேலே சொன்ன மாதக்கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே மூச்சுப்பாதை, கண் மூடாமை, மூளையில் நீர் தேங்குவது, தலைக்குள் அழுத்தம் இவைதான் தேதியைத் தீர்மானிக்கும். பெரும்பாலும் முதல் வருடத்தின் முற்பகுதியிலேயே பின்தலையை டிஸ்ட்ராக்டர் (எலும்பை மெல்ல மெல்ல விலக்கும் கருவி) வைத்து நாளுக்கு 1 மி.மீ. வீதம் 2–3 செ.மீ. விரிப்பார்கள், நெற்றியைப் பிறகு பார்ப்பார்கள். கொரோனல் மூடிய எந்தக் குழந்தைக்கும் மரபணுப் பரிசோதனையும் காது கேட்கும் பரிசோதனையும் கேளுங்கள். எந்த வகையானாலும் உச்சிக்குழி புடைப்பு, விடாத வாந்தி, கண் கீழ்நோக்கிச் செருகுவது இருந்தால் கொடுத்த தேதிக்குக் காத்திருக்கக்கூடாது.

எங்கே போவது? குழந்தைகள் மூளை நரம்பு அறுவை மருத்துவர், முக எலும்பு அறுவையில் பழகிய பிளாஸ்டிக் சர்ஜன், கைக்குழந்தைகளுக்கு மயக்கம் கொடுப்பவர், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு, ரத்த வங்கி இவை ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் இடத்துக்கு. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் தொடங்கினால் அரசுப் பக்கம் வழி தெரியும். "வருஷத்துக்கு எத்தனை குழந்தைக்குச் செய்றீங்க, எண்டோஸ்கோப்பில் செய்றீங்களா, ஹெல்மெட் யார் செய்றாங்க?" என்று கேட்பதில் தப்பில்லை. ஒரே முறை மட்டும் தெரிந்த இடத்தில் அந்த முறைதான் நல்லது என்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் முன்அனுமதி வாங்க வேண்டும், கைக்குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்காது. பிறப்புச் சான்றிதழோடு காப்பீட்டு மேசைக்கு முதல் நாளே போய் என்ன தேவை என்று கேளுங்கள். ஹெல்மெட்டும் கரையும் பிளேட்டும் தொகைக்குள் அடங்குமா என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

மயக்க மருந்து பற்றிய பயம் நியாயமானது. 3 வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கமோ, திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கமோ மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஒரே மயக்கத்தால் 5 வயதில் வித்தியாசம் தெரியவில்லை என்று பிறகு வந்த பெரிய ஆய்வு சொன்னது. என் பார்வையில் இது தள்ளிப்போடச் சொல்லும் காரணமல்ல, சஜிட்டலைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சின்ன ஆபரேஷனில் முடிக்கச் சொல்லும் காரணம்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தாலும் கணக்கு மூடவில்லை. சில குழந்தைகளுக்கு வருடங்கள் கழித்து அழுத்தம் ஏறும், வடிவம் அழகாகவே இருக்கும். பள்ளி வயது வரை வருடம் ஒருமுறையாவது கண் மருத்துவரிடம் சொட்டு மருந்து விட்டு பார்வை நரம்பைப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையில் நரம்பு வீக்கம் இல்லை என்பதால் அழுத்தம் இல்லை என்றாகாது, வயது ஏற ஏறத்தான் அந்தப் பரிசோதனை நம்பகமாகும். கொரோனல் குழந்தைகளுக்கு மாறுகண்ணும் பார்வைக் கோளாறும் அதிகம் வரும் என்பதால் கண்ணாடி, ஒரு கண்ணை மூடிப் பயிற்சி என்று தொடரும். காலையில் தலைவலி, எழுந்ததும் வாந்தி, படிப்பில் திடீர்ச் சரிவு என்று 5 வயதில் வந்தால், பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு அதே குழுவிடம் போங்கள்.